அடியில் இரண்டு விரல்

உமியைக் கழுவிக்கொண்டே சொல்கிறேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

நெல் உமிதான். தூசி போக மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். பீருக்குப் போடுகிற கோதுமையில் உமி கிடையாது. முளைகட்டிக் காயவைத்து உடைத்த கோதுமையை வெந்நீரில் போட்டால் களி மாதிரி இறுகிக்கொள்ளும். சாறு கீழே இறங்காது. உமி கலந்தால் நடுவில் வழி கிடைக்கும். இந்தச் சின்ன பீர் ஆலையில் அதுதான் என் வேலை. பாட்டில், கேன், தொட்டி கழுவுவதும் நான்தான்.

இங்கே பீர் காய்ச்சுகிறவர் பெலிசித்தா. முப்பத்து நாலு வயது. ஜெர்மனியில் ஒரு மடத்துச் சாமியார்களிடம் நாலு வருஷம் இருந்து கோதுமை பீர் காய்ச்சக் கற்றவர். ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் இல்லை. ஆனாலும் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் சபாபதி ஐயா. அவருக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரை ஆலையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு போட்டு, சூடாக்கி, அடியில் தங்கும் சேற்றை வெளியே தள்ளி, மேலே தெளிந்ததை மட்டும் அனுப்புவது அவர் வேலை. சேறு என்றால் அவருக்கு ஆகாது. டீ குடித்தால்கூட அடியில் கொஞ்சம் விட்டுவிடுவார்.

"இருபத்திரண்டு வயசு கம்மியான பொம்பளகிட்ட கைகட்டி நிக்கிறியே, சபாபதி" என்று முதலாளி கஜேந்திரன் சார் கிண்டல் செய்தார்.

"நாக்குக்கு வயசு இல்ல சார்" என்றார் அவர்.

அவர் வந்து மூன்று வாரம். ஒரு நாள் டீச்சரிடம் கேட்டார்.

"இந்த பீரோட ருசி எதுலேருந்து வருது, டீச்சர்?"

டீச்சர் ஒரு தட்டில் நாலு கிண்ணம் வைத்தார். முதல் கிண்ணத்தில் முளைகட்டிய கோதுமை.

"மெல்லுங்க."

"இனிப்பா இருக்கு. ரொட்டி வாசம்."

இரண்டாவதில் முளைகட்டிய பார்லி.

"இதுவும் இனிப்புதான். கொஞ்சம் கெட்டி."

மூன்றாவதில் ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூ. அதை மென்றவர் வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தார்.

"வேப்பங்கொழுந்தே தேவலாம்."

நாலாவதில் கிணற்றுத் தண்ணீர்.

"தண்ணி."

"நாலையும் சேர்த்தா?"

அவர் யோசித்தார். "கசப்புக் கஞ்சி."

டீச்சர் ஒரு பீர் பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுத்தார். அவர் வாய் வைத்தார். முதலில் நாக்கில் சுருக்கென்றது. பிறகு கனிந்த பூவன்பழம். பிறகு கிராம்பு. முடிவில் எலுமிச்சைத் தோல் மாதிரி லேசான புளிப்பு. அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இதுல வாழைப்பழம் எங்க போட்டீங்க?"

"போடலை."

"கிராம்பு?"

"போடலை."

"பின்ன எப்படி வருது?"

"காத்திருங்க" என்றார் டீச்சர். கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காத்திருக்கச் சொன்னால் சில பேர் காத்திருப்பார்கள். சில பேர் தேடுவார்கள்.

"வேணி, அவங்க அலமாரியைத் துடைக்கிறப்ப சின்ன பாட்டில் ஏதாச்சும் பார்த்திருக்கியா? எசன்ஸ் மாதிரி?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

"இருக்கும். எந்தத் தொழில்காரனும் ஒண்ணை ஒளிச்சுத்தான் வைப்பான். நான் ஆலையில பார்க்காததா."

அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் வெளியே போயிருந்தார். நான் பாட்டில் கொட்டகையில் இருந்தேன். அங்கே குறுக்குக் கம்பியில் என் புடவையைக் கட்டி ஏணை போட்டிருந்தேன். என் பெண்ணுக்கு அப்போது எட்டு மாதம். பிள்ளையோடு வேலைக்கு வரலாம் என்று சொன்ன இடம் இது ஒன்றுதான். இதற்கு முன்னால் மூன்று இடத்தில் கேட்டுவிட்டேன்.

குளிர் அறைக்குள்ளிருந்து சபாபதி ஐயா கூப்பிட்டார். அந்த அறைச் சாவி டீச்சருடைய மேசை இழுப்பறையில் இருக்கும். அது அவர் கையில் இருந்தது. காலடியில் ஒரு பால் கேன், மூடி திறந்து. உள்ளே சந்தன நிறத்தில் கூழ் மாதிரி மண்டி.

"பாரு, என்ன அழுக்கு. எத்தனை நாளா கிடக்குதோ. ஊத்திக் கழுவி வை."

"டீச்சர் சொன்னாங்களா ஐயா?"

"நான் சொல்றேன்ல."

ஊற்றினேன். அது வாய்க்காலில் போகும்போது வாழைப்பழ வாசம் வந்தது. வந்ததை நான் சொல்லவில்லை. பெரியவர் சொல்லும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. கேனைச் சுடுதண்ணீரில் தேய்த்து, பளபளவென்று கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சுகிற நாள். விடிந்ததிலிருந்து வேலை. கோதுமை, பார்லி, உமி, பூ எல்லாம் அதனதன் நேரத்தில் போய், அறுநூறு லிட்டர் சாறு கொதித்து, ஆறி, டேங்குக்கு வந்துவிட்டது. டீச்சர் குளிர் அறைக்குப் போனார். கவிழ்ந்த கேனோடு திரும்பி வந்தார்.

"இதுல இருந்தது எங்க?"

சபாபதி ஐயா டேங்கின் பக்கம் நகர்ந்தார்.

"இதுல இருந்ததுதான் ஈஸ்ட், சாறைப் புளிக்கவைச்சு பீராக்குற உயிர். ஏழு வருஷமா ஒவ்வொரு காய்ச்சலோட அடியிலேருந்தும் எடுத்து அடுத்த காய்ச்சலுக்குப் போட்டு வளர்த்தது." டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "சாறு ஆறிப்போச்சு. இதுக்கு மேல இது இல்லாம வைச்சா கெட்டுப்போகும். இதுல இருந்தது எங்க?"

நான் சபாபதி ஐயாவைப் பார்த்தேன். அவர் டேங்கின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து கஜேந்திரன் சார் உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் கறுத்தது.

"யாரு கொட்டினது?"

அவர் சொல்லட்டும் என்று நின்றேன். நாலு மூச்சு நின்றேன். வெப்பமானி அப்படி என்னதான் காட்டியதோ.

"நான்தான் சார்" என்றேன்.

"ஏன்?"

அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. நான் ஊற்றியது உண்மைதானே.

"பிள்ளையத் தூக்கிட்டு வர்றவளை எல்லாம் வேலைக்கு வைச்சா இப்படித்தான். நாளையிலேருந்து வர வேண்டாம்."

ஏணைக்குள் பாப்பா சிணுங்கியது. நான் அங்கேயும் போகாமல் இங்கேயும் நிற்காமல் நடுவில் நின்றேன்.

"வியாழக்கிழமை வரைக்கும் எனக்குக் கை வேணும், சார்" என்றார் டீச்சர்.

"எதுக்கு?"

"தேடணும்."

"கடையில பாக்கெட்ல விக்குதே, அதை வாங்கிப் போடுங்க."

"போடலாம். அது வேற பீர்."

கஜேந்திரன் சார் டேங்கை ஒரு தட்டுத் தட்டினார். "வியாழன் காலையில இதுல நுரை இல்லேன்னா இது சாக்கடைக்கு. நுரை வந்தாலும் சரி, வராட்டியும் சரி, அன்னைக்கு இவ வீட்டுக்கு. கொட்டினவங்களை நான் வைச்சுக்கமாட்டேன்."

அவர் போனபிறகு டீச்சர் டேங்கை இறுக்கி மூடிக் குளிரில் வைத்தார். குளிரில் இருந்தால் மூன்று நாள் தாங்கும் என்றார். நாலு நாள் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை.

கிடங்கில் போன காய்ச்சலின் பாட்டில்கள் பதினொன்று மிச்சம் இருந்தன. ஒன்றை டீச்சர் தனியாக எடுத்து அலமாரியில் நிமிர்த்தி வைத்தார். பத்தைச் சபாபதி ஐயாவுக்கு முன்னால் அடுக்கினார்.

"ஆட்டாம திறங்க. மேல இருக்குறதை வாய்க்கால்ல ஊத்துங்க. அடியில ரெண்டு விரல் உயரம் விடுங்க."

"தெளிஞ்சதைக் கொட்டவா?"

"ஆமா."

"மண்டியை வைச்சுக்கவா?"

"ஆமா."

அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். பொன்னாகத் தெளிந்த பீர் பத்து பாட்டிலும் வாய்க்காலில் போயிற்று. நான் மண்டியை ஊற்றிய அதே வாய்க்கால். அடியில் இருந்ததை எல்லாம் டீச்சர் ஒரு கண்ணாடி ஜாடியில் சேர்த்தார். சாற்றில் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்து, ஆற்றி, அதன் தலையில் ஊற்றினார். வாயில் துணி கட்டினார். ஜாடியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஈரச்சாக்கு சுற்றினார்.

"இனிமே?" என்றார் சபாபதி ஐயா.

"காத்திருங்க."

திங்கட்கிழமை முழுக்க ஒன்றும் இல்லை. ஜாடி குட்டை மாதிரி கிடந்தது. சபாபதி ஐயா அரைமணிக்கு ஒரு தடவை வந்து குனிந்து பார்த்தார்.

"உயிரோட இருக்குமா, டீச்சர்?"

"தெரியாது."

"கொஞ்சம் சூடு காட்டலாமா?"

"வேண்டாம்."

"ஒரு கலக்குக் கலக்கலாமா?"

டீச்சர் அவர் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார்.

மதியம் முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், ஜாடியில ஊறுகாயா?" ஒருத்தரும் சிரிக்காததால் அவரே கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனார்.

நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு வரும்போது சபாபதி ஐயா கொட்டகை வாசலில் நின்றார். சட்டைப்பையில் கைவிட்டு ஒரு கிலுகிலுப்பையை எடுத்தார்.

"பாப்பாவுக்கு."

வாங்கிக்கொண்டேன்.

"வேணி."

"சொல்லுங்க ஐயா."

அவர் தொண்டையைச் செருமினார். "மழை வரும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொதித்தார். "நீ ஏன் அந்தாளு பேரைச் சொல்லலை? உனக்கு வாய் இல்லையா?"

எனக்கு வாய் கொஞ்சம் கம்மிதான். ஆனால் அது மட்டும் இல்லை. நான் சொன்னால் அது நான் சொன்னதாகப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலையில் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்த டீச்சர், "சபாபதி சார்" என்று கூப்பிட்டார். ஜாடியின் ஓரத்தில் வளையல் மாதிரி ஒரு வட்டம் நுரை. அவ்வளவுதான். மதியத்துக்குள் அது நடுவில் வந்து சேர்ந்தது. சாயங்காலம் துணியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டது.

"மோந்து பாருங்க" என்றார் டீச்சர்.

அவர் மூக்கை வைத்தார். அப்படியே நின்றார். எனக்குப் பத்தடி தள்ளியே வந்துவிட்டது, பழுத்த பூவன் வாசம். பின்னாலேயே கிராம்பு.

"இதுல யாரு வாழைப்பழம் போட்டது?" என்று டீச்சர் கேட்டார்.

"யாரும் போடலை."

"எசன்ஸ்?"

சபாபதி ஐயா சட்டென்று நிமிர்ந்தார். எசன்ஸ் என்ற சொல்லை அவர் டீச்சரிடம் சொன்னதே இல்லை. என்னிடம்தான் சொன்னார். நானும் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகும்போது மேசை இழுப்பறையை இழுத்து, சாவியைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு மூடினார்.

ஜாடியிலிருந்து கேனுக்குப் போயிற்று. புதன்கிழமை மதியம் கேனிலிருந்து டேங்குக்குப் போயிற்று. அப்புறம் டேங்கும் ஒரு சத்தம் போடவில்லை. நான் அன்று வேலை முடித்துப் போகும்போது எல்லாக் கேன்களையும் இரண்டாம் தடவை கழுவினேன். இனிமேல் வேறு யாரோ கழுவப்போகிறார்கள். அழுக்காக விட்டுப் போனாள் என்று பேர் வேண்டாம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கஜேந்திரன் சார் வந்தார். டேங்கின் மேல் மூடியை டீச்சர் திறந்தார். உள்ளே நுரை, கையளவு கனத்துக்கு, வெண்ணெய் திரண்ட மாதிரி. வாசம் அறை முழுக்கப் பரவியது.

கஜேந்திரன் சார் ரொம்ப நேரம் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேணி, உன் சாமானை எடுத்துக்க."

நான் டீச்சரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன். கொட்டகைக்குப் போய்ப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஏணையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். எட்டு மாதத்துப் பிள்ளை கனத்தில் இறுகிய முடிச்சு. ஒரு கைக்கு வரவில்லை. பல்லால் பிடித்து இழுத்தேன்.

அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் கதவு கிடையாது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சபாபதி ஐயாவும் பார்த்தார். பாப்பா அவரைப் பார்த்துக் கிலுகிலுப்பையை ஆட்டியது.

முதல் முடிச்சு அவிழ்ந்தது.

"சார்" என்றார் சபாபதி ஐயா.

"என்ன?"

"அவ இருக்கட்டும்."

"ஏன்?"

"கொட்டச் சொன்னது நான். அழுக்குன்னு நினைச்சுட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

கஜேந்திரன் சார் அவர் பக்கம் திரும்பினார். "அப்ப இந்தப் பொண்ணு ஏன் சொல்லலை?"



டீச்சர் அலமாரிக்குப் போய் அந்தப் பதினொன்றாவது பாட்டிலை எடுத்து வந்தார். உயரமான டம்ளரைச் சாய்த்துப் பிடித்து மெல்ல ஊற்றினார். பீர் பொன்னாக இறங்கியது. அந்தப் பக்கம் நின்ற முதலாளியின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அடியில் இரண்டு விரல் மிச்சம் இருக்கும்போது நிறுத்திக்கொண்டார். டம்ளரைச் சபாபதி ஐயா முன்னால் வைத்தார்.

"நல்லாத் தெளிவா இருக்கு" என்றார் டீச்சர்.

அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா, சபாபதி சார்?"

எனக்கு இரண்டாவது முடிச்சை அவிழ்க்கக் கை போகவில்லை.

"குளிர் அறைக்கு நான் சுத்தம் பண்ணப் போகலை" என்றார் சபாபதி ஐயா. குரல் கீழே போயிருந்தது. "உங்க சாவியை எடுத்துட்டுப் போனேன். நீங்க எதையோ ஒளிச்சு வைச்சிருக்கீங்கன்னு தேடினேன்."

பாட்டில் டீச்சர் கையிலேயே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சார் கேட்டப்ப பயத்துல சும்மா இருந்தேன்னு சொல்லிக்கிட்டேன். பயம் இல்லை. இவ கழுவுற பொண்ணு, இன்னொரு இடம் கிடைச்சிடும், எனக்கு இந்த வயசுல இன்னொரு தொழில் கிடைக்காதுன்னு கணக்குப் போட்டேன். வெப்பமானியில ஒரு எண்ணும் என் கண்ணுக்குத் தெரியலை." என் பக்கம் திரும்பினார். "ஓரக்கண்ணால ஏணையைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன், வேணி."

நான் பாப்பாவின் தலையைப் பார்த்தேன்.

டீச்சர் பாட்டிலை உள்ளங்கையில் வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினார். அடியில் ஒட்டியிருந்த மண்டி எழுந்தது. அதை ஒரு சொட்டு விடாமல் டம்ளரில் கவிழ்த்தார். பொன் நிறம் கலங்கிச் சந்தனம் கரைத்த மாதிரி ஆயிற்று. அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"இப்பக் குடிங்க" என்றார்.

சபாபதி ஐயா டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் பாப்பாவை மறுபடி ஏணையில் போட…

அதோ, உள்ளேயிருந்து அவரேதான் கூப்பிடுகிறார். "வேணி, உமி ஆச்சாம்மா? சாறு இறங்கமாட்டேங்குது!"

இந்தா வந்துட்டேன் ஐயா. அன்றைக்கு அவர் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, அடியில் ஒரு சொட்டுக்கூட விடாமல் குடித்தார்.